தோள் இறங்கிய எழுத்துகள்

தனக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று லென்ஸ் நினைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த அத்தனை வம்புக்கும் இந்த ஒரு நினைப்புதான் காரணம்.

லென்ஸ் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். கேலிக்கு வைத்ததில்லை, மரியாதைக்கு வைத்தது. கணினிக்கு எழுத்துரு செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே நான்கு அறைகள், எப்போதும் பாதி இறக்கிய திரைச்சீலைகள், முதலாளியம்மாளின் அறையில் மட்டும் ஒரு ஏசி. கையில் காபிக் கோப்பையோடு கதவருகே நின்றபடியே லென்ஸ், "அந்த ழகரத்தோட வாலைக் கொஞ்சம் பாருங்க, ஒரு பக்கம் தடிச்சிருக்கு" என்பார். திரைமுன் உட்கார்ந்திருப்பவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரியாக இருக்கும். அதெல்லாம் ஒரு காலம்.

அவருடைய வேலையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடலாம். கணினிக்குள் ஒரு எழுத்து என்பது வெறும் கோட்டு வளைவு. சுவரளவு பெரிதாக்கினால் ராஜா மாதிரி நிற்கும். ஆனால் திரை என்பது கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாக இருப்பது. ஒரு கட்டம் கறுக்கும், அல்லது வெளுக்கும், அல்லது சாம்பலாகும். பாதிக் கட்டம் என்ற பேச்சே கிடையாது. பன்னிரண்டு கட்ட உயரத்துக்குள் அதே ராஜாவைத் திணித்தால் கோடுகள் கட்டங்களுக்கு நடுவே போய் விழுந்து, ஒரு கால் தடித்து, ஒரு கால் மெலிந்து, ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு கொப்புளமாகிவிடும். அதனால் எந்த அளவில் எந்தக் கோடு எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் கட்டளை எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஹிண்டிங் என்று பெயர். சின்னத் திரையில் எழுத்தைப் படிக்க முடிகிறது என்றால், எங்கேயோ ஒருவர் அந்தக் கட்டளைகளை எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

லென்ஸ் அந்த ஒருவர். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எழுத்தின் மேல்விளிம்பை அவர் தோள் என்பார். எல்லா எழுத்தின் தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வானமே இடிந்து விழுந்தாலும் அதை ஒரு கட்டம்கூட இறக்கக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளிக்கும் தோளுக்கும் நடுவே ஒரு வரிசை காலியாக இருந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். சின்ன அளவில் அந்தக் காலி வரிசைக்கு இடமே இருக்காது.

"புள்ளி வெச்ச எழுத்துக்கு மட்டும் தோளை ஒரு கட்டம் இறக்கிட்டா என்ன அத்தான்?" என்று ஒருமுறை சின்னவள் கேட்டாள்.

சின்னவள் என்பது அவர் மனைவியின் தங்கை. லென்ஸ்தான் அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று பார்ப்பதும், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பிவைப்பதும் அவள் வேலை. வீட்டில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுவலகமும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தது.

"இறக்கலாமே. நாலு எழுத்து நிமிர்ந்து நிக்கட்டும், ஒரு எழுத்து கூனிக்கிட்டு நிக்கட்டும். வரி முழுக்க மாட்டு வண்டி போன பாதை மாதிரி இருக்கும்" என்றார் லென்ஸ், நான்கு அறைக்கும் கேட்கும்படி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். லென்ஸ் அதை அன்றைக்கே மறந்துவிட்டார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் எல்லோருக்கும் வருவது அவருக்கும் வந்தது. எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் கரைந்தது. தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தெரிந்தது. நாளாக ஆக, கை நீளம் போதவில்லை. அவர் மனைவிக்கு அதே சங்கடம் வந்தபோது அவள் மறுநாளே போய் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து தையல் மெஷின்மேல் வைத்துவிட்டாள். ஒரு கவலையும் படவில்லை. அவள் பெயர் லென்ஸ் இல்லையே.

இவர் மட்டும் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். உணவகத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதைச் சொன்னாலும், "எனக்கும் அதே" என்பார். அப்படிப் பிடிக்காததை எல்லாம் தின்று தொலைத்தார். யாராவது காகிதத்தை நீட்டினால், "நீங்களே படிங்க, உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்பார். அலுவலகத்தில் பெரிய திரை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு கட்ட எழுத்தை அந்தத் திரையில் தட்டளவு பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் ஓடு பதிப்பவர் மாதிரி சரிபார்த்தார். பெரிதாக்கியதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தோள்கள் ஒரே கோட்டில் நின்றன. புள்ளிக்கும் தோளுக்கும் நடுவே இருந்த வரிசை வெளிர் சாம்பலாகத் தெரிந்தது. இடைவெளி இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அதையே நிஜ அளவில், ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. சின்ன எழுத்தைச் செய்கிறவர் அதைச் சின்னதாகப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆனால் ஆச்சரியம் பாருங்கள், அவருடைய எழுத்துகளுக்குப் பேர் கூடிக்கொண்டே போனது. போன வருஷம் ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்காக அவர் ஹிண்டிங் செய்த எழுத்துரு சந்தைக்குப் போனது. இயந்திரத்தின் நெற்றியில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் திரை. அதில் ஊறவை, அலசு, பிழி, உலர்த்து என்று வார்த்தைகள் வரும். வயதானவர்கள்கூடக் கண்ணைச் சுருக்காமல் படிக்கிறார்கள் என்று கம்பெனிக்குச் சந்தோஷம். ஒரு கூட்டம் வைத்து, மாலை போட்டு, அதே இயந்திரம் ஒன்றை லென்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் மேடையில் ஏறி எழுத்தின் தோளை ஏன் இறக்கக் கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். சின்னவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

இயந்திரம் அவர் வீட்டுக் குளியலறைக்கு வெளியே, வராந்தாவில் வைக்கப்பட்டது. வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் மனைவி, "இது காசு குடுத்து வாங்கினதில்ல. இவர் கண்ணுக்குக் கிடைச்சது" என்பாள். அப்போதெல்லாம் லென்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். பெருமைதான், வேறொன்றுமில்லை.

இந்த வருஷம் அதே கம்பெனி புது இயந்திரத்துக்குப் புது எழுத்துரு கேட்டது. வேலை முடிகிற நேரத்தில் சின்னவளுக்கு வீடு மாற்ற வேண்டி வந்தது. "ஃபைலை நான் வந்து அனுப்பறேன் அத்தான், ஒரு வாரம் பொறுத்துக்குங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். லென்ஸ் ஞாயிற்றுக்கிழமை போய் அவள் பீரோவுக்குத் தோள் கொடுத்து மாடி ஏற்றிவிட்டு வந்தார். திங்கட்கிழமை கோப்பைத் தானே கட்டி அனுப்பியும்விட்டார். அவள் வரும்வரை காத்திருப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தும் வேலை.

சில மாதம் கழித்துக் கம்பெனியின் மேலாளர் படியேறி வந்தார். கையில் ஒரு பை. முதலாளியம்மாளின் அறையில் லென்ஸையும் சின்னவளையும் இன்னும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பையிலிருந்து இயந்திரத்தின் சின்னத் திரையை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார்.

"படிங்க" என்றார். "எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் எறும்பு ஊருதுன்னு சொல்றாங்க. ஒரு பெரியம்மா கடைக்கே வந்து, பழைய மெஷினைத் திருப்பிக் குடுங்கன்னு உக்காந்துட்டாங்க. போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?"

எல்லோரும் மேஜைமேல் குனிந்தார்கள். லென்ஸ் குனியவில்லை. குனிந்தால் இன்னும் தெரியாது. திரையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பார்ப்பவர் போல ஜன்னலுக்கு நேராகக் கையை நீட்டிப் பிடித்தார். ஏதோ கறுப்பாக மினுங்கியது. அவ்வளவுதான். மங்கலாக இருப்பது எழுத்தா, தன் கண்ணா என்றே அவருக்குத் தெரியவில்லை.

"என்ன லென்ஸ் சார், உங்களுக்குத் தெரியாததா" என்றாள் முதலாளியம்மாள்.

ஐந்து பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் என்ன செய்வார்? எனக்குத் தெரியலை என்று மூன்று நொடியில் சொல்லியிருக்கலாம். லென்ஸ் சொல்லவில்லை. பார்க்காமலே சொல்லக்கூடிய குறை ஒன்று அவருக்குத் தோன்றியது. அதை எடுத்துப் போட்டார்.

"எழுத்துல ஒண்ணும் இல்ல மேடம். எழுத்துக்கு நடுவுல விட்ட இடம் பத்தலை. நெருக்கிட்டாங்க. அதான் ஊர்ற மாதிரி இருக்கு."

நடுவே இடம் விடுவது யார் வேலை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் லென்ஸைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும்போது தெருமுனையைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். அவர் திரையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று முதலாளியம்மாள் கேட்டாள்.

"பார்க்கிறேன் மேடம்" என்றாள் சின்னவள்.

அடுத்து ஒரு பெரிய வேலை வர இருந்தது. ஒரு கைப்பேசிக் கம்பெனிக்கு முழு எழுத்துருக் குடும்பம். அதைச் சின்னவளின் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு. அவளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வேலை முழுசாகக் கைக்கு வருகிறது. மேலாளர் இறங்கிப் போனதும் முதலாளியம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சின்னவளிடம், "அந்த வேலை இப்ப வேணாம். வேற யார்கிட்டயாவது குடுக்கலாம். நீங்க கொஞ்ச நாள் வாசல்ல உக்காந்து ஃபோன் பாருங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் லென்ஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

சின்னவள் மேஜையிலிருந்து தன் தண்ணீர்க் குப்பியையும் ஒரு சின்ன மணிபிளாண்ட் தொட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலருகே போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க லென்ஸ் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் பேசாத கைப்பேசியில், "ஆங், சொல்லுங்க" என்றபடி கடந்தார். நல்ல நடிகர். தன்னை நினைத்தால் அவருக்கே கூசியது.

வீட்டில் மனைவி, "சின்னவகிட்ட பேசினேன். குரலே சரியில்ல. அழுதியாடின்னா, புது வீட்டுல தூசிங்கிறா. ஆஃபீஸ்ல ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் லென்ஸ், தட்டைப் பார்த்தபடி. தட்டில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் அவருக்குத் தெரியாது.

மேலாளர் விட்டுப்போன திரையைச் சரிசெய்யும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. இடைவெளியைக் கூட்டிப் பார்த்தார்; எறும்பு கொஞ்சம் விலகி ஊர்ந்தது, அவ்வளவுதான் என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். கூட்டியதைப் பழையபடி குறைத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் திரையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். ஞாயிறு காலை மனைவி காய் வாங்கப் போயிருந்த நேரம், வீட்டில் யாரும் இல்லை என்பதை இரண்டு அறையிலும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தையல் மெஷின்மேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சொந்த வீட்டில், சொந்த மனைவியின் கண்ணாடியைத் திருடன் மாதிரி.

உலகம் துல்லியமாக வந்து நின்றது. தன் கையில் இத்தனை ரேகை இருப்பதை மறந்தே போயிருந்தார். திரைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்.

இடைவெளியில் ஒரு குறையும் இல்லை. சின்னவள் விட்ட இடம் மயிரிழை பிசகாமல் இருந்தது. புள்ளிகள்தான் எல்லாம் தோளோடு ஒட்டிக் கிடந்தன. உலர்த்து என்ற வார்த்தையில் இரண்டு மெய்யெழுத்தின் தலையிலும் அடிபட்டு வீங்கியதுபோல ஒரு புடைப்பு. பெரிதாக்கிப் பார்த்தபோது வெளிர் சாம்பலாக, இடைவெளி மாதிரி தெரிந்த அந்த வரிசை, நிஜ அளவில் மேலேயும் கீழேயும் இருந்த கறுப்போடு சேர்ந்து கறுப்பாகவே தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அது முழுக்க முழுக்க அவர் கை வேலை.

மனசு இருக்கிறதே, அது அப்போதும் ஒரு சந்து தேடும். போன வருஷமும் நான் இப்படித்தானே செய்தேன், அது நன்றாக இருந்ததே, இந்தப் புதுத் திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம் என்று எழுந்து வராந்தாவுக்குப் போய், பரிசு இயந்திரத்தின் பொத்தானைத் தட்டிவிட்டு அதன் முன்னால் மண்டியிட்டார்.

ஊறவை. அலசு. பிழி. உலர்த்து. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒவ்வொரு புள்ளியும் தனியாக, தெளிவாக, காற்றில் நின்றது. ஒரு வருஷமாக இது தன் வீட்டில் இருக்கிறது. இன்றைக்குத்தான் இதை அவர் படிக்கிறார்.

தையல் பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்துவந்து அதன் நுனியால் கட்டங்களை எண்ணினார். உகரத்தின் தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. லகரமும் அப்படியே. புள்ளி வைத்த ரகரத்துக்கு வந்தார். ஒரு கட்டம் குறைந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணினார். புள்ளி வைத்த தகரத்தையும் எண்ணினார். அதிலும் ஒரு கட்டம் இறங்கியிருந்தது. பக்கத்து எழுத்தோடு வைத்துப் பார்க்கும்போது அந்த இறக்கம் கண்ணுக்கே படவில்லை. கண்ணுக்குப் பட்டதெல்லாம் புள்ளிக்குக் கீழே இருந்த சுத்தமான வெள்ளை வரிசைதான். நிறுத்து என்ற வார்த்தைக்குப் போனார். அங்கேயும் அதேதான்.

இதை அவர் செய்யவில்லை. செத்தாலும் செய்திருக்க மாட்டார். அப்படியானால் யார் செய்தது என்று கேட்டுக்கொள்வதற்கு அவருக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. எழுத்துருக் கோப்பைக் கடைசியாகத் தொடும் கை ஒன்றுதான் உண்டு. இந்த முறை மட்டும் அந்தக் கை அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தது.

மேடையும் மாலையும் ஞாபகத்துக்கு வந்தன. தோளை ஏன் இறக்கக் கூடாது என்று பேசிய அரை மணி நேரப் பேச்சும், மூன்றாவது வரிசையில் கேட்ட கைதட்டலும். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காளும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள். தெருமுனையில் பார்த்துக்கொண்டார்களாம். அக்காள் கையில் காய்ப்பை, தங்கை இடுப்பில் துணி மூட்டை. சின்னவளின் புது வீட்டில் குழாய் வேலை இன்னும் முடியவில்லை; ஞாயிறுதோறும் படுக்கை விரிப்பையும் பிள்ளைகளின் சீருடையையும் இங்கே கொண்டுவந்துதான் துவைத்துக்கொண்டு போவாள். கோபம் என்றாலும் சீருடை திங்கட்கிழமைக்கு வேண்டுமே.

மனைவி வராந்தாவைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மெஷினுக்கு நமஸ்காரம் பண்ணிட்டிருக்கீங்க" என்றாள்.

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதன் வழியாக நிமிர்ந்து பார்த்தபோது தூரத்தில் நின்ற சின்னவளின் முகம் கலங்கலாகத் தெரிந்தது. ஒருவகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று.

"இந்தத் தோளை இறக்கினது நீதானே?" என்றார்.

அவள் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள். "ஆமா அத்தான்."

"எப்ப இருந்து?"

"மூணு எழுத்துருவா. நீங்க ஃபைல் குடுத்ததும் ஒரு தடவை தள்ளி வெச்சுப் பார்ப்பேன். ஒட்டிக்கிட்டு இருக்கிறதை மட்டும் எடுத்து விடுவேன். ணகரத்துல சுழியையும் கொஞ்சம் திறந்துவிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஒரு தடவை சொன்னேனே. மாட்டு வண்டின்னீங்க." அவள் குரலில் கேலி இல்லை, நடந்ததைச் சொல்லும் குரல். "அப்புறம் எப்படிச் சொல்றது? உங்களுக்குக் கண்ணு தெரியலை அத்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றீங்களா? வேலையில சேர்த்துவிட்டவர்கிட்ட?"

அவர் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது, கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு மேடம் ரூம்ல நான் அப்படிச் சொன்னப்ப, ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க மாத்திச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள் சின்னவள். "அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் மறுநாள் பார்த்தேன். ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டுப் போனீங்க."

மனைவி காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். லென்ஸ்தான் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். மண்டியிட்ட நிலையிலேயே சொன்னார். கேட்டு முடித்ததும் மனைவி அவரிடம் வந்து, முகத்திலிருந்து தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துத் தான் போட்டுக்கொண்டாள். பிறகு அவரை நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் எங்கேயாவது ஓடிப்போயிருக்கலாம்.

"மேடத்துக்கு ஃபோன் போடுங்க" என்றாள்.

கைப்பேசியை எடுத்தார். எண்கள் கலைந்த எறும்புகளாகத் தெரிந்தன. மனைவி கண்ணாடியைத் தரவில்லை. சின்னவள்தான் அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, எண்ணைத் தேடி அழுத்தி, திருப்பிக் கொடுத்தாள்.

அவர் சொல்லி முடிக்கும்வரை முதலாளியம்மாள் குறுக்கிடவில்லை. கண் மங்கியதைச் சொன்னார், பெரிதாக்கிப் பார்த்ததைச் சொன்னார், மூன்று எழுத்துருவையும் உண்மையில் திருத்தியது யார் என்று சொன்னார்.

"கண்ணு எல்லாருக்கும்தான் போகுது சார்" என்றாள் முதலாளியம்மாள் கடைசியில். "எனக்கே ரெண்டு கண்ணாடி இருக்கு. நான் அதைக் கேக்கலை. அவங்க பேரை ஏன் சொன்னீங்க?"

லென்ஸ் வாயைத் திறந்தார். காரணம் ஒன்று இருந்தது. பார்க்காமல் சொல்லக்கூடிய குறை அது ஒன்றுதான். திருப்பிப் பேசாத ஆள் அவள் ஒருத்திதான். அந்த இரண்டாவது பாதி இப்போதுதான் அவருக்கே புரிந்தது.

"தெரியலை மேடம்" என்றார். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்றைக்கு, பொய்யாகச் சொன்னார். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"திங்கக்கிழமை எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை சொன்னார். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் தண்ணீர்க் குப்பியையும் செடியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கைப்பேசிக் கம்பெனியின் எழுத்துரு வேலை அவள் பொறுப்புக்கு வந்தது. இனி லென்ஸ் முடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் அவள் பார்த்த பிறகுதான் வெளியே போகும். அவரும் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனாலும் அவரை இன்றைக்கும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழக்கம், வேறெதுவும் இல்லை. அவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது.

அந்த இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்படி அவர் சின்னவளிடம் சொல்லிப் பார்த்தார். வண்டிக்குக்கூடப் பேசிவிட்டார்.

"எங்க வீட்டுல வைக்க இடமில்ல அத்தான்" என்றாள் அவள். "இங்கயே இருக்கட்டும். நான் வாரா வாரம் வரத்தான போறேன். ஒண்ணு மட்டும். துணியை நான் போடறேன், பட்டனை நீங்கதான் அழுத்தணும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மன்னித்துவிட்டாளா, இல்லையா என்று அந்தச் சிரிப்பிலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஞாயிறு வந்தது. சீருடைகளை உள்ளே போட்டுக் கதவை மூடிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் நின்றாள். சமையலறை வாசலில் மனைவி நின்றாள். லென்ஸ் சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் குனிந்தார்.

"வாய்விட்டுப் படிங்க" என்றாள் மனைவி.

அவர் படித்தார். எல்லாம் தெளிவாக இருந்தது.